சைக்கிள் குழுவில் ஊக்கமருந்து: மன்னிப்புக் காலம் வைத்து உண்மையை வெளியே கொண்டுவருவது எப்படி

எங்கள் குழுவில் ஒரு தம்பி தானாக வந்து "மருந்து போட்டேன்" என்று சொன்னான். அடுத்த வாரமே அவனை நீக்கினோம். கறார் ஆட்கள் என்று நாலு பேர் எங்களைப் பாராட்டவும் செய்தார்கள். எவ்வளவு பெரிய தப்பு செய்துவிட்டோம் என்பது எட்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது. உங்கள் குழுவும் அதே பள்ளத்தில் விழக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மலேசியாவின் பினாங்கில் ஞாயிறு காலை சைக்கிள் எடுப்பவர்களுக்கு இந்த வழி தெரியும். தெலுக் பஹாங் அணைக்கட்டைத் தாண்டி தித்தி கெராவாங் வரை ஏறி, அந்தப் பக்கம் பாலிக் புலாவ் இறங்கி, ஒரு லக்சா சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவோம். அன்றைக்கு எல்லாரும் கிளம்பிய பிறகும் அந்தத் தம்பி எழுந்திருக்கவில்லை. அவன் வாங்கிய தே தாரிக் ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது, அதைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டே இருந்தான். "அண்ணே, ஒன்னு சொல்லணும், கோவப்படாதீங்க" என்றான். ஆறு மாதமாக இபிஓ என்ற, இரத்தத்தில் சிவப்பணுக்களை ஏற்றும் ஊக்கமருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டிருக்கிறானாம். குளிரில் வைக்க வேண்டிய மருந்து என்பதால் வீட்டு ஃப்ரிட்ஜில், அம்மாவின் இன்சுலின் இருக்கும் அதே மார்ஜரின் டப்பாவில், காகிதத்தில் சுற்றி வைத்திருந்தான். முந்தின நாள் ராத்திரி அம்மா கண்ணாடி போடாமல் டப்பாவைத் துழாவி அவனுடைய குப்பியைக் கையில் எடுத்துவிட்டார். "இது கிளினிக்ல புதுசா குடுத்ததாடா?" என்று வேறு கேட்டிருக்கிறார். அந்தப் பயம்தான் அவனை என்னிடம் கொண்டுவந்து உட்கார வைத்தது.

நான் நிர்வாகக் குழுவிடம் சொன்னேன், கூட்டம் போட்டோம், அரை மணி நேரத்தில் முடிவெடுத்தோம். யாரிடம் வாங்கினாய், எவ்வளவு கொடுத்தாய், ஊசி போட யார் சொல்லிக்கொடுத்தது, இன்னும் யாருக்கெல்லாம் தெரியும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, நான் உட்பட. எட்டு மாதம் கழித்து இன்னொரு பையன், 19 வயசு, அதே ஆளிடம் அதே மருந்தை வாங்கியிருந்தான். அதைக் கண்டுபிடித்தது அவன் அக்கா. விற்றவன் பெயரைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு எங்கள் முன்னால் உட்கார்ந்து தேநீர் ஆடையை ஒதுக்கிக்கொண்டிருந்தது, நாங்கள்தான் அதை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினோம். இன்னொன்றும் நடந்தது. சொன்னவனுக்கு என்ன ஆச்சு என்று பார்த்துக்கொண்டிருந்த மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அதனால்தான் பிறகு ஒரு மன்னிப்புக் காலம் வைத்தோம்: குறிப்பிட்ட நாளுக்குள் வந்து முழு உண்மையைச் சொன்னால் நீக்கம் இல்லை.

மன்னித்தால் தப்புக்குத் துணை போவதாகாதா?

இதைக் கேட்காத ஆள் கிடையாது. நியாயமான கேள்விதான், அதனால் பெரிய சைக்கிள் பந்தய உலகத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

யோர்க் யாக்ஷே என்ற ஜெர்மானிய வீரர் 2007-ல் தான் எடுத்தது எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னார். ஒத்துழைத்ததற்காக அவருடைய தடை ஒரு வருடமாகக் குறைந்தது. தடை முடிந்து திரும்பி வந்தபோது அவரை எடுக்க ஒரு அணியும் இல்லை. அதே காலத்தில் வாயைத் திறக்காதவர்கள் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். 2012 அக்டோபரில் இங்கிலாந்தின் ஸ்கை அணி தன்னிடம் வேலை செய்யும் எல்லாரையும், முன்பு எப்போதும் ஊக்கமருந்தில் சம்பந்தப்பட்டதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னது. பயிற்சியாளர் பாபி ஜூலிக்கும் அணி இயக்குநர் ஸ்டீவன் டி யோங்கும் உண்மையை ஒத்துக்கொண்டார்கள், வேலை போனது. இப்படி ஒரு விதி வைத்தால், பொய் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு வேலை நிலைக்கும், மனசாட்சி உள்ளவன் தெருவுக்கு வருவான். கேட்க உறுதியான விதி போலத்தான் இருக்கிறது, ஆனால் அது உண்மைக்குத்தான் அபராதம் போடுகிறது.

அதே வருடம் அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை ஏழு டூர் டி பிரான்ஸ் ஜெயித்தவர், பரிசோதனையால் அவரைக் கீழே இறக்க முடியவில்லை. அமெரிக்க ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை அவருடைய கூட்டாளிகளை உட்கார வைத்துப் பேசியது. 26 பேர் சாட்சி சொன்னார்கள், அதில் 11 பேர் அவரோடு ஒரே அணியில் ஓட்டியவர்கள். அப்போது ஓட்டிக்கொண்டிருந்த அமெரிக்க வீரர்கள் சிலருக்குக் கிடைத்தது ஆறு மாதத் தடை மட்டுமே. கார்மின் அணி, உண்மையைச் சொன்ன தன் வீரர்களை வெளியே தள்ளாமல் வைத்துக்கொண்டது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஆதாரம் சேர்ந்தது, ஏழு பட்டங்களும் போயின. இரத்தத்திலும் சிறுநீரிலும் கிடைக்காத உண்மை வாயிலிருந்து கிடைத்தது என்பதுதான் இதில் நான் எடுத்துக்கொண்டது. அப்படி வந்து சொன்னவர்களில் ஒருவர் 2015-ல் மறுபடியும் சோதனையில் சிக்கினார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மன்னிப்பு எல்லாரையும் திருத்திவிடாது. ஆனால் மருந்து எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

உலக சைக்கிள் சங்கமான யுசிஐ 2014 ஜனவரியில் டிக் மார்ட்டி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் தலைமையில் ஒரு விசாரணை ஆணையம் வைத்தது. 174 பேரிடம் பேசி, 2015 மார்ச்சில் 227 பக்க அறிக்கை கொடுத்தார்கள். வந்து சொல்கிறவர்களுக்கு முழு மன்னிப்புத் தரவில்லை, தண்டனையைக் குறைப்போம் என்று மட்டும்தான் சொன்னார்கள். இன்றைக்கும் எத்தனை பேர் மருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டபோது, விஷயம் தெரிந்த ஒருவர் 90 சதவீதம் என்றார், இன்னொருவர் 20 சதவீதம் என்றார். உள்ளே இருப்பவர்களுக்கே அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. என்னைத் தூங்க விடாமல் செய்தது அதே அறிக்கையின் வேறு ஒரு பகுதி. பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவர்களிடமும், மூத்த வயதினருக்கான பிரிவுகளிலும் ஊக்கமருந்து பரவிக்கொண்டிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். நம்மைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள்.

முதலில் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

மன்னிப்புக் காலம் அறிவிப்பதற்கு முன்னால் ஒரு வக்கீலோடு உட்கார வேண்டும், இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு குழுவால் தன்னுடைய தண்டனையை மட்டும்தான் மன்னிக்க முடியும். நீக்கம், அபராதம், போட்டியில் சேர்க்காமல் இருப்பது, இவை உங்கள் கையில் இருக்கின்றன. உரிமம் வாங்கிப் போட்டிகளில் ஓட்டும் உறுப்பினர் இருந்தால் அவர் தேசிய சம்மேளனத்தின் விதிகளுக்கும், நம் நாட்டு ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையான அடாமாஸின் அதிகாரத்துக்கும் கட்டுப்பட்டவர். அவர் உங்கள் முன்னால் வாயைத் திறந்து சொல்வதே அவருக்கு எதிரான ஆதாரம் ஆகலாம். "நாங்கள் மூடி மறைத்துவிடுகிறோம்" என்று யாராவது வாக்குக் கொடுத்தால், மறைத்தவருக்கும் அந்த ஊக்கமருந்து எதிர்ப்பு விதிகளிலேயே தண்டனை இருக்கிறது.

ஆகவே அப்படிப்பட்டவர் வந்தால் கதவிலேயே சொல்லுங்கள்: தம்பி, முதலில் வக்கீலிடம் போ, அப்புறம் எங்களிடம் வா. பயமுறுத்த வேண்டாம், நல்ல செய்தியும் இருக்கிறது. உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையான வாடாவின் (WADA) 2021-ல் நடைமுறைக்கு வந்த விதிகள்படி, இபிஓ மாதிரியான மருந்தைத் தெரிந்தே எடுத்தால் தடை 4 வருடம். யாரும் கண்டுபிடிக்காத நிலையில் தானாகப் போய் ஒத்துக்கொண்டால், அந்த ஒப்புதலைத் தவிர வேறு ஆதாரம் இல்லாதபோது, பாதி வரை குறையலாம். குற்றச்சாட்டு வந்த பிறகு 20 நாளுக்குள் ஒத்துக்கொண்டு தண்டனையை ஏற்றாலும் ஒரு வருடம் குறையும். மருந்து கொடுத்தவனைப் பிடிக்க உதவும் அளவுக்குத் தகவல் கொடுத்தால், தடையில் முக்கால் பங்கு வரை நிறுத்தி வைக்க இடம் உண்டு. நடந்து 10 வருடம் தாண்டிவிட்டால் வழக்கே கிடையாது. இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மாட்டினால் வாழ்க்கையே போச்சு என்று நினைத்துக்கொண்டு ராத்திரி எல்லாம் விழித்திருப்பார்.

விற்கிறவன் விஷயம் தனி. உரிமம் இல்லாமல் இப்படிப்பட்ட மருந்துகளை விற்பது 1952-ஆம் வருட நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் குற்றம், அதை மன்னிக்க எந்தக் குழுவுக்கும் அதிகாரம் இல்லை. எங்கள் தீர்மானத்திலேயே எழுதினோம்: எடுத்தவருக்கு மன்னிப்பு உண்டு, காசுக்கு விற்றவருக்குக் கிடையாது, 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கொடுத்தவருக்கு எந்த நிலையிலும் கிடையாது. நடுவில் ஒரு வகை ஆள் வருவான், தனக்கு வாங்கும்போது கூட்டாளிக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்தவன். அவனை எதில் சேர்ப்பது என்று எங்களுக்குள் இரண்டு மணி நேரம் சண்டை. லாபம் வைத்திருந்தால் விற்றவன், வைக்கவில்லை என்றால் எடுத்தவன் என்று முடித்தோம். அது குழுவின் தண்டனைக்கு மட்டும் போட்ட கோடு, சட்டம் அவனை வேறு மாதிரி பார்க்கலாம் என்பதால் அவனையும் வக்கீலிடம் அனுப்பினோம். நீங்கள் வேறு கோடு போடலாம், ஆனால் ஆள் வருவதற்கு முன்னால் போட்டுவிடுங்கள். முகத்தைப் பார்த்த பிறகு போட்டால் வேண்டியவன் வேண்டாதவன் என்று ஆகிவிடும்.

எத்தனை நாள், என்ன விலை

நாங்கள் ஒரு மண்டலம் வைத்தோம், 48 நாள். தைப்பூசத்துக்கு விரதம் இருந்து தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்துப் பழகிய நம் ஆட்களுக்கு அந்தக் கணக்கு விளக்காமலே புரியும், மனசைத் தயார்ப்படுத்திக்கொள்ள அந்த அவகாசமும் போதும். ஒரு வாரம் வைத்தால் பயந்தவன் முடிவெடுப்பதற்குள் முடிந்துவிடும், ஒரு வருடம் வைத்தால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஆறப்போடுவான்.

மன்னிப்பு இலவசம் கிடையாது. அதற்கு விலை முழு உண்மை. தென்னாப்பிரிக்காவில் இனவெறி ஆட்சி முடிந்த பிறகு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் வைத்தபோது, மன்னிப்புக் கேட்டு ஏழாயிரத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தது, பெரும்பாலானவர்களுக்குக் கொடுக்கவில்லை. செய்ததை முழுசாகச் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே ஒரு முக்கியமான நிபந்தனை. அங்கே பேசியது கொலையும் சித்திரவதையும், நாம் பேசுவது சைக்கிள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. கேட்டவுடன் தூக்கிக் கொடுப்பதில்லை என்ற அந்த முறையை மட்டும்தான் எடுத்துக்கொண்டேன்.

பாதி உண்மைக்கு என்ன ஆகும் என்பதற்கு எரிக் ஸாபெல் கதை போதும். 2007-ல் அந்த ஜெர்மானிய வீரர் தொலைக்காட்சி முன்னால் அழுதுகொண்டே, 1996-ல் ஒரே ஒரு வாரம் இபிஓ எடுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான் என்றார். மக்கள் இரக்கப்பட்டார்கள். 2013-ல் பிரெஞ்சு செனட் அறிக்கையில் பழைய மாதிரிகளின் முடிவு வெளியானபோது அவர் பெயரும் வந்தது, அப்புறம்தான் பல வருடம் எடுத்ததை ஒத்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. அதனால் எங்கள் விதியில் இப்படி ஒரு வரி உண்டு: சொன்னதில் பெரிய பொய் பின்னால் தெரியவந்தால், மன்னிப்பு முதலிலிருந்தே கொடுக்காததாக ஆகிவிடும்.

சொன்னவர் கொடுக்க வேண்டியது: மருந்து எடுத்த காலத்தில் குழுப் போட்டிகளில் வாங்கிய கோப்பையும் பரிசுப் பணமும் திரும்ப வர வேண்டும், ஆறு மாதம் குழுவின் பெயரில் போட்டியில் ஓட்டக் கூடாது. அவருக்குக் கிடைப்பது: உறுப்பினராகத் தொடர்வார், பெயர் வெளியே போகாது, ஞாயிறு காலை எங்களோடு வரலாம். கடைசியாகச் சொன்னதைச் சிலர் எதிர்த்தார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. சைக்கிள் கூட்டாளிகளை இழந்துவிடுவோம் என்ற பயம்தான் ஒருத்தன் வாயைப் பூட்டுகிறது, தடைகூட அதற்கு அடுத்ததுதான்.

கேட்பதற்கு யாரை உட்கார வைப்பது

நிர்வாகக் குழுவில் இருப்பவர் ஒருத்தரும் வேண்டாம், அடுத்த போட்டிக்கு ஆள் எடுப்பது அவர்கள்தான். அதே பையனோடு போட்டி போடுகிறவரும் வேண்டாம். எங்களுக்கு மூன்று பேர் அமைந்தார்கள், ஓய்வு பெற்ற ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், ஒரு தாதி, ஒரு இளம் வக்கீல். தாதி அக்காவால்தான் பாதி வேலை நடந்தது என்று சொல்வேன். ஆள் வந்து உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்பது உடம்பைப் பற்றித்தான், தூக்கம் வருகிறதா, தலை வலிக்கிறதா, ஊசியை யாரோடாவது பகிர்ந்துகொண்டாயா என்று. பகிர்ந்திருந்தால் ஹெபடைடிஸ், எச்ஐவி பரிசோதனைக்கு அரசாங்க கிளினிக்குக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். இபிஓ சிவப்பணுக்களை ஏற்றிவிடுகிறது, இரத்தம் குழம்பு மாதிரி கெட்டியாகிறது, அந்தக் கெட்டி இரத்தத்தை இதயம் தள்ள வேண்டியிருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவன் திடீரென்று நிறுத்தினால் உடம்பும் மனசும் தள்ளாடும், அதையும் மருத்துவர் பார்த்துத்தான் இறக்க வேண்டும். உடம்பை விசாரித்த பிறகு வாய் தானாகத் திறக்கிறது, இதைக் கண்ணால் பார்த்தேன்.

இடம் முக்கியம். கோயில் மண்டபம் வேண்டாம், நம் ஊரில் கோயில் வாசலில் யார் செருப்பு கிடக்கிறது என்று பார்த்தே கதை கட்டிவிடுவார்கள். சைக்கிள் கடையும் வேண்டாம். நாங்கள் வக்கீலின் அலுவலகத்தில், வேலை முடிந்த பிறகு, ஒரு நாளைக்கு ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டோம். வாட்ஸ்அப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். குரல் பதிவும் வேண்டாம். ஒரு படம் பிடித்து அனுப்பினால் பட்டர்வொர்த் வரை போய்த் திரும்பி வந்துவிடும்.

அறிவிப்பு எழுதுவது

நீளமாக எழுதாதீர்கள். நாங்கள் எழுதியது கிட்டத்தட்ட இதுதான், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"நம் குழுவில் சிலர் தடை செய்யப்பட்ட மருந்து எடுத்திருக்கிறார்கள் என்று தெரியும். யார் என்று தேடப் போவதில்லை. இன்றிலிருந்து 48 நாளுக்குள் கீழே உள்ள மூவரில் ஒருவரை அழைத்து, எடுத்தது என்ன, எப்போது, யாரிடமிருந்து என்று முழுவதும் சொன்னால் குழுவிலிருந்து நீக்கம் இல்லை, பெயர் வெளிவராது. போட்டி உரிமம் உள்ளவர்கள் பேசுவதற்கு முன் வக்கீலைப் பார்க்கவும், குழுவின் மன்னிப்பு அடாமாஸைக் கட்டுப்படுத்தாது. 49-ஆம் நாள் முதல் தெரியவந்தால் நீக்கம்தான்."

"யார் என்று தேடப் போவதில்லை" என்று எழுதிவிட்டு ரகசியமாகத் தேடாதீர்கள். யார் வந்தார், யார் போனார் என்று நிர்வாகக் குழு அந்த மூவரிடம் கேட்கவே கூடாது.

முதல் மூன்று வாரம் ஒருத்தரும் வரவில்லை. மனசு உடைந்துதான் போனது. அப்போது தலைமையாசிரியர் ஒரு யோசனை சொன்னார், நீக்கப்பட்ட அந்த முதல் தம்பியைப் போய்ப் பாருங்கள் என்று. போனேன். வாசலில் அவன் அம்மாதான் நின்றார், உள்ளே வா என்று சொல்லவில்லை. அங்கேயே நின்றபடி மன்னிப்புக் கேட்டேன், அவனிடமும் அம்மாவிடமும். அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டோம் என்று அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலும் சொன்னேன், எதற்காக நீக்கினோம் என்பதை அப்போதும் பேசவில்லை. அதற்கு அடுத்த நாள் மாலை வக்கீலின் தொலைபேசி அடித்தது. நீங்களும் இதற்கு முன்னால் ஒருத்தனை இப்படி வெளியே அனுப்பியிருந்தால், மன்னிப்புக் காலத்தை அறிவிக்கும் முன் அவன் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். உங்கள் வார்த்தையைவிட அவன் கதியைத்தான் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எப்படிக் கேட்பது

"ஏன் செய்தாய்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஏன் என்று கேட்டால் நியாயம் சொல்ல ஆரம்பிப்பான், இல்லையென்றால் அழுவான். முதல் தடவை நடந்ததைக் கேளுங்கள். எந்த இடம், எந்த நேரம், யார் கையிலிருந்து வந்தது, எப்படிப் பொட்டலம் கட்டியிருந்தது, காசு கையிலா வங்கியிலா, எத்தனை ரிங்கிட். பொய்யை இவ்வளவு நுணுக்கமாகக் கட்டுவது கஷ்டம், உண்மை இப்படித்தான் துண்டு துண்டாக வரும். அப்புறம் கடைசித் தடவையைக் கேளுங்கள், நடுவில் உள்ளதைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். இன்னும் யாருக்குத் தெரியும் என்ற கேள்வியைக் கடைசியில் வையுங்கள், ஆனால் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

கையால் எழுதுங்கள். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள், திருத்தச் சொல்லுங்கள், அவர் சரி என்ற பிறகு கையெழுத்து. ஒரே பிரதி, உறையில் போட்டு ஒட்டி வக்கீலிடம் இருக்கட்டும். விற்றவனைப் பற்றிய தகவலை மட்டும், சொன்னவர் சம்மதத்தோடு, அவர் பெயர் இல்லாமல் அதிகாரிகளிடம் கொண்டு போங்கள். பையன் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் இல்லாமல் ஒரு வார்த்தைகூட எழுதக் கூடாது. வீட்டில் மிச்சம் இருக்கும் குப்பி, ஊசி எதையும் குப்பையில் போடச் சொல்லாதீர்கள், கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் மூடி கிளினிக்கில் கொடுக்க வேண்டும்.

தெரியாமல் சாப்பிட்டவர்கள் சிலரும் வருவார்கள், அவர்களை இந்த வரிசையில் நிறுத்தாதீர்கள். நம் பக்கத்து புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த பாட்மிண்டன் வீரர் லீ சோங் வெய்க்கு என்ன ஆனது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2014-ல் டெக்ஸாமெத்தசோன் என்ற தடை செய்யப்பட்ட மருந்து இருப்பதாகச் சோதனையில் வந்தது, தெரிந்து ஏமாற்றவில்லை என்று ஏற்றுக்கொண்டு 8 மாதத் தடை மட்டும் போட்டார்கள். மூட்டு வலிக்குச் சந்தையில் வாங்கும் பொட்டல மருந்து, யாரோ கொடுத்த ஜாமு மூலிகை மருந்து, இதிலெல்லாம் என்ன கலந்திருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மாத்திரை அட்டையிலோ டப்பாவிலோ சுகாதார அமைச்சின் பதிவு எண், மால் (MAL) என்று ஆரம்பிப்பது, இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்கள். எண் இருந்தால் மட்டும் போட்டிக்குச் சரி என்று அர்த்தமில்லை, தடைப் பட்டியலோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். வலிக்கு எழுதிக் கொடுக்கும் டிராமடோல்கூட 2024 ஜனவரி முதல் போட்டி நாளில் தடை.

சொன்னவனைத் தனியாக விடாதீர்கள்

2004 டூர் டி பிரான்ஸில் பிலிப்போ சிமியோனி என்ற இத்தாலிய வீரர் ஒரு நாள் முன்னால் போன சின்னக் கூட்டத்தோடு சேரப் பார்த்தார். அவர் மிக்கேலே ஃபெராரி என்ற மருத்துவருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர், அந்த மருத்துவர் ஆம்ஸ்ட்ராங்கின் ஆள். முதலிடத்தில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டையில் இருந்த ஆம்ஸ்ட்ராங் தானே விரட்டிப் பிடித்து, சிமியோனியைக் கூட்டத்துக்குத் திரும்ப வைத்தார், அப்புறம் வாயை மூடு என்று உதட்டில் விரலை இழுத்துக் காட்டினார். உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. மற்ற வீரர்களில் பலர் சிமியோனி பக்கம் நிற்கவில்லை.

நம் குழுவில் அது இவ்வளவு பெரிதாக நடக்காது, சின்னச் சின்னதாக நடக்கும். ஏற்றத்தில் அவனுக்காக யாரும் நிற்க மாட்டார்கள். டயர் பஞ்சரானால் "நீ பார்த்துக்க" என்று போய்விடுவார்கள். சாப்பிடும்போது அவன் உட்காரும் மேசை காலியாக இருக்கும். பெயர் வெளியே வராவிட்டாலும் ஆறு மாதம் போட்டிக்கு வராதவன் யார் என்று ஊகித்துவிடுவார்கள், இதைத் தடுக்கவே முடியாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த உறுப்பினரைக் கூட நிறுத்துங்கள், ஆறு மாதமும் அவர் பக்கத்திலேயே ஓட்ட வேண்டும். வாடா விதித்தொகுப்பு 2021-ல், தகவல் சொன்னவரைப் பழிவாங்குவதைத் தனிக் குற்றமாகவே சேர்த்திருக்கிறது. உங்கள் குழு விதியிலும் அதை எழுதுங்கள், முதல் தடவை நடக்கும்போதே கூப்பிட்டுக் கண்டியுங்கள்.

49-ஆம் நாள் காலை கதவை மூடுங்கள். நல்ல பையன், ஒரு வாரம்தான் தாமதம் என்று யாராவது வந்து நிற்பார்கள். திறந்தால் அடுத்த முறை ஒருத்தரும் நாள் கணக்கை மதிக்க மாட்டார்கள்.

சுத்தமாக ஓட்டியவர்கள்

இதைக் கடைசியில் வைத்தது முக்கியம் குறைந்தது என்பதால் இல்லை, நாங்களே இதைக் கடைசியில்தான் யோசித்தோம், அதுவும் தப்பு. ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து பிடுங்கிய ஏழு பட்டங்களையும் யுசிஐ வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, ஏழு வருடத்துக்கும் வெற்றியாளர் இடம் காலி. கொடுக்கச் சுத்தமான ஆள் யார் என்று அவர்களுக்கே நிச்சயம் இல்லை. 1999 டூர் டி பிரான்ஸின்போது மருந்தைப் பற்றி வெளிப்படையாக எழுதிய கிறிஸ்டோப் பாஸோன் என்ற பிரெஞ்சு வீரர், மற்றவர்கள் ஒதுக்கியதால் பந்தயத்தின் நடுவிலேயே வீட்டுக்குப் போனார். அந்த ஜூலை மாதத்தை அவருக்கு யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்?

நம் குழு சின்னது, நம்மால் கொடுக்க முடியும். அந்த முதல் தம்பி ஜெயித்த மலை ஏறும் போட்டியில் இரண்டாவது வந்தவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ராத்திரி வேலை பார்க்கும் ஒரு அண்ணன், 50 வயதைத் தாண்டியவர். தம்பி தானே சம்மதித்து, தன் பெயரை அவரிடம் மட்டும் சொல்லலாம் என்றான். கோப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அவர் அதை வாங்கி, துண்டால் துடைத்து, மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "கோப்பை பரவால்ல. அன்னிக்கு என் வீட்டுக்காரி நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்காம வந்து, போட்டோ எடுக்கணும்னு முன்னாடியே நின்னா. முதல் இடம் வேற ஆளுன்னு சொன்னதும் கேமராவ இறக்கிட்டா" என்றார்.

ஆகவே கோப்பையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். அதே இடத்தில், குடும்பத்தைக் கூப்பிட்டு, மறுபடியும் நிற்க வையுங்கள். நாங்கள் அடுத்த ஞாயிறு தித்தி கெராவாங்கில், பழக்கடைகளுக்கு எதிரே, அந்தப் போட்டி முடிந்த அதே வளைவில் எல்லாரும் கூடினோம். அண்ணனின் மனைவி இந்தத் தடவையும் முன்னால்தான் நின்றார், இரண்டு படம் எடுத்தார், ஒன்று வெயிலில் தெரியவில்லை என்று மூன்றாவதும் எடுத்தார். அண்ணனின் சைக்கிளைச் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தது அந்தத் தம்பிதான்.